சம்பூர்ணத்தின் மேல் ஒரு பிராது

செப்டம்பர் 9, திங்கள்

அன்றைக்கு என் வீட்டு வாசலில் இருந்தவர்கள்: சப்-இன்ஸ்பெக்டர் தினகரன், ஏட்டு முத்தழகன், பெயர்ப்பட்டை இங்கிலீஷில் இருந்ததால் பெயர் தெரியாத பெண் போலீஸ் ஒன்று, தலையாரி சாமிக்கண்ணு, டீக்கடை அம்புஜம், பள்ளிக்கூடத்தில் கொடியேற்றிவிட்டு மிட்டாய்ப் பொட்டலத்தோடு வந்த வார்டு மெம்பர் குணசுந்தரி, என் ஓரகத்தி சம்பூர்ணம், அப்புறம் தையல்நாயகி ஆகிய நான். ஆக எட்டுப் பேர். ஆகஸ்டு 15, வியாழன், காலை ஒன்பதே கால்.

நாடு சுதந்திரம் வாங்கிய நாளில் என்னைப் பிடித்து உள்ளே போட்டார்கள். யாராவது சிரிப்பதற்கு முன்னால் நானே சிரித்துவிட்டேன்.

அன்று சாராயக் கடைக்கு லீவு. என் வீட்டுத் தவிட்டுச் சாக்குக்குள் இருபத்தெட்டு குவார்ட்டர் பாட்டில் இருந்தது. “இது யாருதும்மா?” என்றார் சப்-இன்ஸ்பெக்டர். “என்னுதுதாங்கய்யா” என்றேன். அடுப்படியில் இரண்டு டம்ளரில் டீ ஆறிக்கொண்டிருந்தது. “தனியா இருக்கேங்கிற, ரெண்டு டம்ளர் எதுக்கு?” என்றார். “எனக்கு ஒண்ணு பத்தாதுங்கய்யா” என்றேன்.

ஜெயிலில் எழுத்தறிவு வகுப்பு நடக்கிறது. மூன்றாம் வகுப்பு வரை படித்ததை மறைத்து, ஒன்றும் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்தேன். நாற்பது பக்க நோட்டும் பேனாவும் கொடுத்தார்கள். நோட்டுக்காகத்தான் போனேன். வெளியே போனதும் கொளஞ்சியப்பர் கோயிலில் ஒரு பிராது கட்ட வேண்டும். நமக்கு அநியாயம் செய்தவர்மேல் சாமிக்குப் புகார் எழுதி, சன்னிதியில் வேலில் கட்டிவிட்டு வருவதுதான் பிராது. அங்கே எழுதித் தருகிறவர் முதலில் சம்பவ இடத்தில் யார் யார் இருந்தார்கள் என்று கேட்பார். கடைசியில்தான் எதிரியின் பெயர். அதனால்தான் நானும் பெயர்களோடு ஆரம்பித்திருக்கிறேன்.

சம்பூர்ணத்தின் மேல் ஏற்கெனவே ஒரு பிராது உண்டு. பாகப்பிரிவினையில் மாமியாரின் ஆட்டுக்கல்லை அமுக்கிக்கொண்டதற்காகப் பதினோரு வருஷத்துக்கு முன் கட்டினேன். இன்னும் தீர்ப்பு வரவில்லை. கோர்ட்டில் மட்டும்தான் தேங்கிக் கிடக்கிறது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

இது இரண்டாவது. போலீசுக்குப் போட்டுக்கொடுத்தவள் அவள்தான். வாசலில் வாயைத் திறக்காமல் நின்றாளே, அது போதாதா? கடைசிப் பக்கத்தில் அவள் பெயருக்கு ஒரு வரி விட்டு வைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 11, புதன்

விசாரணைக் கைதிகள் கொட்டடி. இருபது பேருக்குக் கட்டியது என்று கதவுக்கு மேலேயே எழுதியிருக்கிறது. இருக்கிறவர்கள் நாற்பத்தேழு. படுத்தால் எல்லாரும் ஒரே பக்கமாகத்தான் படுக்க வேண்டும். ஒருத்திக்குக் கை மரத்துப்போனால் “திரும்பலாமா?” என்று கேட்பாள். நாற்பத்தேழு பேரும் சேர்ந்து திரும்புவோம். நான் ஒன்றரை ஆள் அகலம். என் பக்கத்தில் படுக்கிற சகாயமேரி, “பாட்டி, உன்னை ரெண்டு கைதியா கணக்கெழுதணும்” என்கிறாள். பாட்டி என்றதற்காக அவள்மேல் மூன்று நாள் கோபமாக இருக்கலாம் என்று முடிவு செய்தேன். ஆனால் முகத்துக்கும் முகத்துக்கும் நடுவில் ஒரு சாண்தான் இடம். அந்த இடத்தில் கோபத்தை வைத்துக்கொள்ள முடியவில்லை.

சகாயமேரிக்கு முப்பது வயது இருக்கும். ஜவுளிக்கடையில் இரண்டு புடவையைப் பாவாடைக்குள் செருகியதாகக் கேஸ். ஜாமீன் கிடைத்து நான்கு மாதம் ஆகிறது. சொத்து உள்ள இரண்டு பேர் வந்து கையெழுத்துப் போட்டால் போகலாம். சொத்து உள்ளவர்களை அவளுக்குத் தெரியுமென்றால் புடவையை ஏன் செருகப்போகிறாள்?

எனக்கும் அதே கதை. ஆகஸ்டு 30-ஆம் தேதியே ஜாமீன் வந்துவிட்டது. ஆள்தான் வரவில்லை. என் மகன் கொளஞ்சிநாதன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறான். லீவு தரமாட்டார்கள். “சுதந்திர தினத்துக்குக்கூடவா தரல?” என்றாள் சகாயமேரி. தரவில்லை என்றேன்.

செப்டம்பர் 18, புதன்

சாம்பாரில் இன்று கத்தரிக்காய் இருந்தது. என் தட்டில் இல்லை, சகாயமேரி தட்டில்.

செப்டம்பர் 26, வியாழன்

இலவசச் சட்ட உதவி வக்கீல் நூர்நிஷா வந்தது. சின்னப் பெண்தான். முக்காட்டைச் சரிசெய்துகொண்டே ஃபைல் கட்டைக் கீழே வைத்துவிட்டு, “இந்த ரூம்ல யாருக்கெல்லாம் ஜாமீன் கெடைச்சும் போக முடியல? ஆபீஸ்ல கேட்டா லிஸ்ட் வர பத்து நாளாகும்ங்கறாங்க” என்றது.

“எழுதிக்கம்மா” என்றேன்.

சுவர் ஓரத்திலிருந்து ஆரம்பித்தேன். யார் என்ன கேஸ், என்றைக்கு உள்ளே வந்தாள், என்றைக்கு ஜாமீன், கடைசி வாய்தா எது, அந்த வாய்தாவுக்கு ஏன் போகவில்லை, எல்லாம். பத்தொன்பது பேருக்கு ஜாமீன் கிடைத்தும் ஆள் இல்லை. பதினோரு பேருக்கு, கோர்ட்டுக்குக் கூட்டிப்போக எஸ்கார்ட் போலீஸ் இல்லை என்று வாய்தா தள்ளிக்கொண்டே போகிறது. திருவிழா என்றால் போலீஸ் பந்தோபஸ்துக்குப் போய்விடும். மந்திரி வந்தால் அதற்கும் போய்விடும். நாங்கள் எங்கேயும் போகமாட்டோம் என்று எல்லாருக்கும் தெரியும். ஒன்பது பேர்மேல் போட்டிருக்கிற கேஸுக்கு, குற்றம் நிரூபணமானால்கூட, அவர்கள் ஏற்கெனவே உள்ளே கிடந்த அவ்வளவு நாள் தண்டனை கிடையாது. மூன்று பேருக்கு வக்கீலே கிடையாது. மீதி ஐந்து பேர் பெரிய கேஸ். அவர்களைப் பற்றிப் பேசினால் அவர்களுக்குக் காது உண்டு.

வக்கீல் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்த்தது. “எப்படிப் பாட்டி எல்லாம் ஞாபகம் இருக்கு?”

“எவ எவ எப்ப என் காலை மிதிச்சான்னு ஞாபகம் வெச்சிருக்கேன். மத்ததெல்லாம் அதோட ஒட்டிக்கிட்டு வருது” என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். நான் உண்மையைத்தான் சொன்னேன்.

அக்டோபர் 3, வியாழன்

நூர்நிஷா ஓடிவருகிற மாதிரி வந்தது. நெரிசலைக் குறைக்க நீதிபதிகள் கமிட்டி கூடுகிறதாம். என் கணக்கை வைத்து எல்லாருக்கும் மனு போட்டிருக்கிறது. அது வரிசைப்படி வரும். ஆனால் அறுபத்தைந்து வயது தாண்டிய சில்லறைக் கேஸ்களை மட்டும் இந்த மாதமே, ஆள் ஜாமீன் கேட்காமல் சொந்தக் கையெழுத்தில் விடப்போகிறார்கள்.

“உங்களுக்கு எத்தனை வயசு பாட்டி?”

“அறுபத்தாறு.”

அது என் ஆதார் அட்டையைப் பார்த்தது. திருப்பிப் பார்த்தது. “இதுல அம்பத்தேழுன்னு இருக்கே?”

சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் தம்பி, சம்பூர்ணத்தின் வீட்டுக்காரர் அண்ணன். அண்ணன் பெண்டாட்டியை அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும். சம்பூர்ணம் என்னைவிட இரண்டு வயது சின்னவள். நாற்பத்தேழு வருஷமாக ஒரு சின்னவளை நான் அக்கா, அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டிருக்கிறேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன், அட்டைக்குப் போட்டோ எடுக்க ஊர்ப் பள்ளிக்கூடத்தில் வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் அவள். வயது கேட்டபோது ஐம்பத்திரண்டு வயதுக்காரி கூசாமல் நாற்பத்தாறு என்றாள். ஊரே பார்க்கிறது. அக்காவுக்கு நாற்பத்தாறு என்றால் தங்கச்சிக்கு எவ்வளவு இருக்க முடியும்? நாற்பத்தைந்து என்றேன். எழுதிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து என் நரைத்த தலையைப் பார்த்தார். “வெயில்ல வேலை செஞ்ச முடி” என்றேன்.

“வீம்புக்காகவா?” என்றது வக்கீல்.

“வீம்புக்காகத்தான்.”

வக்கீலுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இருபது பேர் இருக்க வேண்டிய இடத்தில் நாற்பத்தேழு பேர் இருப்பதற்கு எத்தனையோ காரணம் சொல்லுகிறார்கள். நாற்பத்தேழாவது ஆளுக்குக் காரணம் அந்த ஆளேதான் என்று கமிட்டிக்கு யார் சொல்லுவது?

அக்டோபர் 4, வெள்ளி

வயதுக்குச் சாட்சியம் வேண்டும். என் பிறந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சேர்க்கைப் பதிவேட்டில் பிறந்த தேதி இருக்கும். யாராவது போய் நகல் வாங்கிவர வேண்டும். மூன்று பஸ் மாற வேண்டிய ஊர்.

கொளஞ்சிக்குப் போன் போடச் சொன்னேன். வார்டர் அம்மா மூன்று தரம் போட்டது. சுவிட்ச் ஆஃப். சார்ஜ் இல்லை போலிருக்கிறது. கம்பெனியில் பிளக்கில் சொருக விடமாட்டார்கள், பாவம்.

“ஒன்றரை மாசமாவா சார்ஜ் இல்ல?” என்றது வார்டர் அம்மா. அந்த அம்மா பெயரை நான் குறித்துவைத்திருக்கிறேன்.

“வேற யாரு இருக்காங்க?” என்றது நூர்நிஷா.

“யாருமில்லை” என்றேன். சகாயமேரி முந்திக்கொண்டு, “சம்பூர்ணம்னு ஒருத்தங்க இருக்காங்க மேடம். தெனம் அவங்களைத் திட்டிட்டுத்தான் சோத்துல கை வைக்கும்” என்றாள்.

அக்டோபர் 10, வியாழன்

என்னைக் கேட்காமல் ஆள் அனுப்பிவிட்டார்கள். கைதியைப் பார்க்க வருகிறவர்கள் மனு எழுதிக் கொடுத்துவிட்டு நின்று பேசுகிற இடத்தில், கம்பி வலைக்கு அந்தப் பக்கம் சம்பூர்ணம். கல்யாணத்துக்குக் கட்டுகிற மாம்பழக் கலர் புடவை. ஜெயிலுக்கு எது கட்டுவது என்று அவளுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது. முப்பது பேர் ஒரே நேரத்தில் கத்திப் பேசுகிற இடம்.

“என்னா தையலு, ஒடம்பு எளைக்கவே இல்லியே?”

“நீ அனுப்பிவெச்ச எடம். நல்லாத்தான் கவனிக்கிறாங்க.”

“நான் அனுப்பிவெச்சனா?”

“போலீசுக்கு போன் போட்டது வேற யாரு?”

“ஏண்டி, எனக்குப் போன் வந்தா பச்சைய அமுக்கறதுக்கே பேத்தி வேணும். நான் எங்க போலீசுக்குப் போடறது? ஊரே அவங்கிட்டதான் வாங்கிக் குடிக்குது. போலீசுக்கு யாராச்சும் சொல்லித்தான் தெரியணுமா?”

“எவங்கிட்ட?”

அவள் வலையைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “சரி. நான் ஒண்ணும் சொல்லல.”

“அப்ப ஏன் வாசல்ல ஊமை மாதிரி நின்ன?”

“நீ ‘என்னுது’ன்னு சொல்லிட்ட. நான் வாயத் தொறந்தா உன் வார்த்தை பொய்யாப் பூடும். அதான் நின்னுட்டேன்.”

நான் பேச்சை மாற்றினேன். பேச்சை மாற்ற எனக்குத் தெரிந்த ஒரே வழி ஆட்டுக்கல். “அந்தக் கல்லு எங்க இருக்கு?”

“கொல்லையில மழைல நனைஞ்சுகிட்டுக் கெடக்கு. கிரைண்டர் வந்து பதினைஞ்சு வருசம் ஆச்சு. வந்து தூக்கிட்டுப் போ தாயே. அதைத் தாண்டித் தாண்டி என் கால் ஒடஞ்சதுதான் மிச்சம்.”

பதினோரு வருஷமாக ஒரு சாமியைத் தொந்தரவு செய்திருக்கிறேன்.

ஜாமீனுக்கு அவளே கையெழுத்துப் போடுகிறேன் என்று கேட்டாளாம். அவள் பெயரில் ஒரு செண்டு நிலம்கூடக் கிடையாது. எல்லாம் செத்துப்போன என் மூத்தார் பெயரிலேயே கிடக்கிறது. “அம்பது வருசம் களை எடுத்தது நானு. கோர்ட்டுக்கு நான் ஒரு ஆளே இல்லியாம்” என்றாள்.

அதற்குப் பிறகு, உன் வீட்டுப் பட்டா அவன் பெயரில்தானே இருக்கிறது, அதனால் அவனைப் போய்ப் பார்த்தேன் என்றாள். அவன் ஒரு வார்த்தை சொன்னான் என்றாள். அந்த வார்த்தையையும் சொன்னாள். எனக்குக் கேட்கவில்லை. முப்பது பேர் கத்துகிற இடம்.

அக்டோபர் 11, வெள்ளி

சோறு இறங்கவில்லை. அரிசி சரியில்லை.

அக்டோபர் 12, சனி

அரிசி நன்றாகத்தான் இருந்தது என்கிறாள் சகாயமேரி.

அக்டோபர் 18, வெள்ளி

சம்பூர்ணம் நகல் வாங்கிவந்துவிட்டாள். பள்ளிக்கூடத்தில் போய்க் கேட்டாளாம். பழைய பதிவேடு பீரோவுக்கு அடியில் இருக்கிறது, அடுத்த வாரம் வாருங்கள் என்றார்களாம். “அடுத்த வாரம் வந்தா எனக்கு பஸ்ஸு ஏற முட்டி ஒத்துழைக்காது” என்று வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டாளாம். பிள்ளைகளோடு சத்துணவும் சாப்பிட்டிருக்கிறாள். இரண்டாம் நாள் பதிவேடு தானாக வெளியே வந்தது.

அதில் தையல்நாயகி, பிறப்பு ஜூன் 1, 1958 என்று இருக்கிறது. அந்தத் தேதி எப்படி வந்தது என்று எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வலது கையைத் தலைக்கு மேல் சுற்றி இடது காதைத் தொடச் சொன்னார் வாத்தியார். தொட்டால் ஐந்து வயது முடிந்தது என்று அர்த்தம். எனக்கு எட்டவில்லை. வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார்களே என்று தலையைச் சாய்த்து, காதைக் கைக்குக் கொண்டுபோனேன். வாத்தியார் சிரித்துவிட்டுச் சேர்த்துக்கொண்டார்.

ஆக, அந்த வயதும் பொய், இந்த வயதும் பொய். பள்ளிக்கூடத்துக்குள் போகக் கூட்டிச் சொன்னேன். அப்புறம் வீம்புக்குக் குறைத்துச் சொன்னேன். இப்போது வெளியே போகப் பழைய பொய்யைப் பிடித்துக்கொள்ளுகிறேன். வக்கீலிடம் சொன்னேன். அது முகத்தை மூடிக்கொண்டு, “பாட்டி, அரசாங்கப் பதிவேட்டுல உள்ளது போதும். காது கதையை நீதிபதிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க” என்றது.

அக்டோபர் 22, செவ்வாய்

டி.வி. பெட்டிக்குள் நீதிபதி தெரிந்தார். எஸ்கார்ட் இல்லாததால் இப்போது இப்படித்தான் விசாரிக்கிறார்கள். கோர்ட்டில் சம்பூர்ணம் சாட்சியாக நிற்பதும் ஓரமாகத் தெரிந்தது.

“நீங்க இவங்களுக்கு என்ன உறவு?”

“ஓரகத்திங்க. என்னை அக்கான்னு கூப்புடும். ஆனா அதுதான் மூத்ததுங்க.”

“மூத்தவங்க எப்படி உங்களை அக்கான்னு கூப்பிடுவாங்க?”

“மொறை அப்படிங்க. நாப்பத்தேழு வருசமா அது கூப்புடறப்பல்லாம் எனக்குக் கூச்சமாத்தான் இருக்கும். கேக்க நல்லாவும் இருக்கும். அதனால விட்டுட்டேன்.”

நீதிபதி சிரித்தாரா, படம் ஆடியதா தெரியவில்லை. என்னைக் கேட்டார்: “அம்மா, நீங்கதான் மூத்தவங்களா?”

சர்க்கார் பெட்டிக்கு முன்னால், எல்லார் காதிலும் விழும்படி, “ஆமாங்கய்யா, நான்தான் கெழவி” என்றேன்.

சொந்தக் கையெழுத்தில் விடச் சொல்லிவிட்டார்.

அக்டோபர் 24, வியாழன்

விடுதலை. சகாயமேரி என் பாயைச் சுருட்டிக் கொடுத்தாள். அவள் மனு அடுத்த மாத வரிசையில் இருக்கிறது. “ஒன்றரை ஆள் எடம் காலியாச்சு. இன்னிக்குக் காலை நீட்டிப் படுப்பேன்” என்றாள். நான் ஆபீசில் கைரேகை வைத்துக்கொண்டிருக்கும்போதே வேன் வந்து நின்றது. மூன்று பேர் இறங்கினார்கள். கொட்டடியில் இனி நாற்பத்தொன்பது. அவளுக்குக் காலை நீட்டக் கொடுத்துவைக்கவில்லை.

வாசலில் சம்பூர்ணம் அதே மாம்பழக் கலர் புடவையில் நின்றாள். “வா தையலு” என்றாள். “வரேங்க்கா” என்றேன். பழக்கம், வாய் கேட்கமாட்டேன் என்கிறது.

என் வீட்டில் பூட்டுத் தொங்கியது. சம்பூர்ணம் வீட்டில் படுத்துக்கொண்டேன். அந்த அறையில் நான் ஒருத்திதான். தூக்கத்தில் “திரும்பலாமா?” என்று கேட்டேனாம். “திரும்பித் தொலை” என்றாளாம்.

நவம்பர் 4, திங்கள்

கொளஞ்சியப்பர் கோயில். சம்பூர்ணமும் வந்தாள். முதல் காரியமாக, ஆட்டுக்கல் பிராதைத் திரும்பப் பெற்றுக்கொள்ளுவதாக எழுதிக் கொடுத்தேன். கல் இப்போது என்னிடம். மாவாட்ட உடம்பில் தெம்பு இல்லை. அதன்மேல் உட்கார்ந்துகொள்ளுகிறேன்.

பிறகு புதுப் பிராது. எழுதுகிறவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, “சம்பவ எடத்துல யாரு யாரும்மா இருந்தாங்க?” என்றார். நோட்டைப் பிரித்து முதல் பக்கத்திலிருந்து வாசித்தேன். தினகரன், முத்தழகன், பெயர் தெரியாத பெண் போலீஸ், சாமிக்கண்ணு, அம்புஜம், குணசுந்தரி, சம்பூர்ணம், நான்.

“எட்டுப் பேரா?”

“ஒம்போது” என்றேன்.

சம்பூர்ணம் கொடிமரத்தைப் பார்க்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

முதல் பக்கத்தில் ஒரு பெயரை விட்டுவிட்டேன். எனக்கு மறதி என்று யாரும் சொல்ல முடியாது. இரண்டாவது டம்ளர் டீ அவனுக்குப் போட்டது. திருப்பூர், பனியன் கம்பெனி எல்லாம் பொய். சாக்கு அவனுடையது. ஜீப் சத்தம் கேட்டதும் சம்பூர்ணத்தின் மாட்டுக்கொட்டகைச் சுவரேறிக் குதித்தான். குதிக்கும்முன் என்னை ஒரு தரம் திரும்பிப் பார்த்தான். அந்தப் பார்வைக்குத்தான் “என்னுது” என்றேன். அதற்காக அவன்மேல் பிராது இல்லை. ஓடியதற்கும் இல்லை. நான்தான் ஓட விட்டேன்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் சம்பூர்ணம் சொன்னது எனக்குக் கேட்டது. ஜாமீனுக்குக் கையெழுத்துப் போடுடா என்று அவள் கேட்டதற்கு, “உள்ள மூணு வேளையும் சோறு போடுறாங்கல்ல பெரிம்மா, இருக்கட்டும்” என்றானாம்.

நாற்பத்தேழு பேருக்கு இடமில்லாத இடத்தில் எனக்கு மட்டும் இடம் இருக்கிறதென்று அவன் கண்டுபிடித்திருக்கிறான்.

“என்னா பரிகாரம் கேக்குறீங்க? கை கால் வெளங்கக் கூடாதுன்னு எழுதவா?” என்றார்.

“ஐயையோ, அதெல்லாம் வேணாம். தண்டனையே வேணாம். விடுதலையும் வேணாம். வாய்தா மேல வாய்தா போட்டுகிட்டே இருக்கச் சொல்லுங்க. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவன் எங்கிட்ட வந்து நிக்கணும்.”

எழுதினார். நிமிர்ந்தார். “எதிரி பேரு?”

பிள்ளை இல்லையென்று ஏழு வருஷம் இந்தச் சன்னிதிக்கு நடந்து, பிறந்ததும் இந்தச் சாமியின் பெயரையே வைத்தேன். சொன்னபோது எழுதுகிறவர் சாமி பெயரைச் சொல்லுகிறேன் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். இல்லை ஐயா, அது என் மகன் என்றேன். சம்பூர்ணத்துக்காகக் கடைசிப் பக்கத்தில் விட்டுவைத்த வரி அப்படியே இருந்தது. அதை அவர் கையில் விடாமல் நானே எழுதினேன்.

கொளஞ்சிநாதன்.